பள்ளி மாணவர் மனநல ஆலோசனை (தமிழ்நாடு)
மாணவர்களின் மனச்சுமையைக் கேட்டறிந்து வழிகாட்ட அரசு நடத்தும் சேவைகள். பள்ளிக் கல்வித் துறை 2013-இல் நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. உளவியலாளர்களுடன் 10 ஊர்திகள் மாவட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சென்றன. அரிய முயற்சிதான், ஆனால் ஊர்தி வந்துபோகும் ஒரே நாளில் எந்தப் பிள்ளையும் மனம் திறந்துவிடாது. 2018-இல் 14417 என்னும் கல்வி உதவி எண் வந்தது. தேர்வு அச்சம், மேற்படிப்புக் குழப்பம் போன்றவற்றுக்கு அதில் வழிகாட்டுகிறார்கள். 2022-இல் மாணவர்கள் தம் குறைகளை எழுதிப்போடப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டிகள் வைக்கப்பட்டன. உதவி எண்ணை அழைக்கலாம் என்றாலும், காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் போன்ற சிற்றூர்களில் கைப்பேசி பெரும்பாலும் பெற்றோர் கையில்தான் இருக்கும். வீட்டுத் துயரத்தைப் பிள்ளை அதில் எப்படிச் சொல்லும்? பள்ளியிலேயே நிலையான ஆலோசகர் இருப்பதே சரியான தீர்வு. அதுவரை உதவி தேவைப்படுவோருக்கு, டெலி மானஸ் மனநலச் சேவை எண்: 14416, இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம்.