நரம்பிழைகளின் வழியறிதல்

கருவில் வளரும் நரம்பணு நீண்ட இழை ஒன்றை வெளியே நீட்டித் தனக்குரிய இலக்கைத் தேடிப் பிடிக்கிறது. ஆக்சான் எனப்படும் இந்த இழைகள் மனிதக் கண் ஒன்றிலிருந்து மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் மூளைக்குச் செல்கின்றன. இழையின் நுனியில், விரல் விரித்த கை போன்ற வளர்கூம்பு இருக்கிறது. 1890இல் கோழிக்கருவின் தண்டுவடத்தில் இதை விவரித்தவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால். சாயமேற்றிய, உயிரற்ற திசுவைத்தான் அவர் பார்த்தார். ஆனாலும் உயிரோடிருந்தபோது அந்த நுனி துழாவிக்கொண்டு முன்னேறியிருக்கும் என்றும், வேதிப்பொருள்கள் அதை ஈர்த்திருக்கக்கூடும் என்றும் ஊகித்தார். இழை நீள்வதை நேரில் கண்டவர் ராஸ் ஹாரிசன். 1907இல் தவளைக்கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியில் வளர்த்துக் காட்டினார்.

நுனி துழாவுகிறது, சரி, எதைத் துழாவுகிறது? இழைகள் கிடைத்த தடத்தில் வளர்ந்து கண்டபடி இணைகின்றன, பயன்பாடுதான் பின்னர் அவற்றை ஒழுங்குபடுத்துகிறது என்பது 1930களில் செல்வாக்குப் பெற்றிருந்த கருத்து. அதன் முதன்மை ஆதரவாளர் பால் வைஸ். அதைக் கவிழ்த்தவர் அவருடைய மாணவரான ரோஜர் ஸ்பெர்ரி. தவளை, நீர்ப்பல்லி போன்றவற்றின் பார்வை நரம்பு வெட்டினாலும் மீண்டும் வளரும். ஸ்பெர்ரி நரம்பை வெட்டியதோடு கண்ணையும் 180 பாகை திருப்பி வைத்தார். பார்வை திரும்பியது, ஆனால் தலைகீழாக. மேலே இருக்கும் பூச்சிக்குத் தவளை கீழே பாய்ந்தது. எத்தனை முறை ஏமாந்தும் அது திருந்தவே இல்லை. பயன்பாடு இணைப்பைத் திருத்தும் என்றால் திருந்தியிருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு இழையும் வேதியியல் அடையாளம் ஒன்றைச் சுமந்து, மூளையில் தன் பழைய இடத்தையே தேடிப் போகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

முடிவின் திசை சரி. ஆனால் அதை 'இழைக்கு ஒரு முகவரிச் சீட்டு' என்று புரிந்துகொண்டால் கணக்கு உதைக்கிறது. 10 லட்சம் இழைகளுக்கு 10 லட்சம் சீட்டு எழுத, மனிதரிடம் இருக்கும் சுமார் 20,000 மரபணுக்கள் எம்மாத்திரம்? ஒரு சில பொருள்களின் செறிவு இடத்துக்கு இடம் படிப்படியாக ஏறி இறங்கினாலே போதும் என்பதை ஸ்பெர்ரியே 1963இல் எழுதிவிட்டார். அவருடைய பெயரால் பரவிய எளிமையான பாடம் இதை விட்டுவிட்டது. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் பான்ஹோஃபர் குழுவினர் 1987இல் பார்வை இழைகள் போய்ச் சேரும் இடமான கோழிக்கரு நடுமூளையின் முன்பகுதிச் சவ்வையும் பின்பகுதிச் சவ்வையும் கோடு கோடாக மாற்றி மாற்றி விரித்தார்கள். விழித்திரையின் நெற்றிப்பொட்டுப் பக்கத்து இழைகள் முன்பகுதிக் கோடுகளில் மட்டும் நடந்தன. பின்பகுதிச் சவ்வைச் சூடாக்கியதும் அந்தத் தேர்வு மறைந்தது. அதாவது முன்பகுதி அழைக்கவில்லை, பின்பகுதிதான் விரட்டியிருக்கிறது. விரட்டும் பொருள்கள் 1995இல் பிடிபட்டன. இன்று அவற்றை எஃப்ரின்கள் என்கிறோம். நடுமூளையில் பின்னோக்கிப் போகப் போக எஃப்ரின்-ஏ கூடுகிறது. அதை உணரும் ஏற்பிகள் நெற்றிப்பொட்டுப் பக்கத்து இழைகளில் மிகுதி.

இழை படிப்பது தன் ஏற்பியின் தனி அளவையா, அக்கம்பக்கத்து இழைகளோடு ஒப்பிட்ட அளவையா? 2000ஆம் ஆண்டின் எலிச் சோதனை ஒன்று இதைத் தீர்த்தது. விழித்திரை நரம்பணுக்களில் ஏறக்குறைய பாதிக்கு மட்டும் ஏற்பியின் அளவைக் கூட்டியபோது, மூளையில் முன்னும் பின்னுமாக, விழித்திரையின் இட வரிசையைக் காட்டும் இரண்டு பார்வை வரைபடங்கள் உருவாயின. கூட்டப்படாத இழைகளும் பின்னுக்குத் தள்ளப்பட்டன என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அவற்றுக்குள் எதுவும் மாறவில்லை; அண்டை வீட்டார் மாறியதால் அவற்றின் இடம் மாறியது. முகவரி என்ற உவமையைவிட, உயரப்படி வரிசையில் நிற்கும் பிள்ளைகள் என்ற உவமையே இங்கே பொருந்தும்.

மின்துடிப்புக்கு இதில் பங்கில்லையா என்று கேட்கலாம். உண்டு, கண் திறக்கும் முன்பே விழித்திரையில் எழும் துடிப்பலைகள் வரைபடத்தைக் கூர்மையாக்குகின்றன. ஆனால் அது வந்து சேர்ந்தபின் நடக்கும் செப்பனிடல், வழிகாட்டல் அன்று. இன்னும் வலுவான மறுப்பு நெட்ரினைப் பற்றியது. ஏறத்தாழ 25,000 கோழிக்கரு மூளைகளிலிருந்து பிரிக்கப்பட்டு 1994இல் அறிவிக்கப்பட்ட இப்புரதம், தண்டுவட இழைகளை நடுக்கோட்டை நோக்கித் தொலைவிலிருந்து இழுக்கிறது என்று பாடநூல்கள் எழுதின. (வழிநடத்துபவர் என்னும் வடசொல்லே பெயரின் வேர், நேதாஜி என்பதிலும் அதுவே இருக்கிறது.) நடுக்கோட்டு அணுக்களில் மட்டும் நெட்ரினை நீக்கினாலும் பெரும்பாலான இழைகள் அங்கே போய்ச் சேர்வதை 2017இல் இரு குழுக்கள் காட்டின. இதனால் வேதியியல் வழிகாட்டல் சாயவில்லை. வழியோரத்தில் படிந்திருக்கும் நெட்ரினை இழை தொட்டுத் தொட்டுப் போகிறது என்று திருத்த வேண்டியதாயிற்று. கஹாலின் 'துழாவல்' இங்கே நேர்ப்பொருளிலேயே உண்மையாகிறது.

நெட்ரினை உணரும் டிசிசி ஏற்பியின் மரபணுப் பிழை மனிதரிலும் உண்டு என்று 2010இல் தெரியவந்தது. அப்பிழை உள்ள பலருக்கு, ஒரு கை செய்யும் அசைவை மற்றக் கையும் தானாகவே செய்யும்.