ஒன்றாம் தரம் முதல் பல்கலைக்கழகம் வரை: இலங்கையின் கல்விப் படிகளும் இடையில் நின்றவர்களுக்கான வழிகளும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் கல்வி ஒரு முதுசொம் போலவே கருதப்பட்டு வந்துள்ளது. காணி, வீடு, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய நாட்களிலும் பிள்ளைகளின் பெறுபேற்றுப் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் சென்ற தாய்மார் எத்தனையோ பேர். ஆயினும் முப்பது ஆண்டுப் போரில் பல பிள்ளைகளின் படிப்பு இடையில் அறுந்துபோனது. முகாமில் ஒரு வருடம், உறவினர் வீட்டில் ஒரு வருடம், மரநிழல் வகுப்பில் ஒரு வருடம் என்று படித்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டனர். தம் பிள்ளைகள் ஏறும் படிகளைப் பற்றி அவர்களுக்குப் பல ஐயங்கள் உண்டு. அவர்களை மனதில் வைத்தே இலங்கையின் கல்வி அமைப்பு இங்கே விளக்கப்படுகின்றது.

இலவசக் கல்வியும் பாடசாலை வகைகளும்

இலங்கையில் அரச பாடசாலைக் கல்வியும் அரச பல்கலைக்கழகங்களின் முதற்பட்டக் கல்வியும் இலவசம். கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாடநூல்கள் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாக வழங்கப்படுகின்றன.

யாழ். குடாநாட்டில் அதற்கு முன்னரே பள்ளிகள் நிறைந்திருந்தன. அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டை செமினரியையும், அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கியது. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1960-61 இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது இவ்வாறான பள்ளிகளிற் பெரும்பாலானவை அரச பாடசாலைகளாயின. பரி. யோவான் கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி போன்ற சில மட்டும் தனித்து இயங்குகின்றன.

இன்று அரச பாடசாலைகள் இரு நிர்வாகத்தின் கீழ் உள்ளன. தேசிய பாடசாலைகள் நேரடியாக மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன. ஏனையவற்றை 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாண சபை நிர்வகிக்கிறது. யாழ். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. பிள்ளையின் அனுமதி, இடமாற்றம், முறைப்பாடு எதுவானாலும் அதிபருக்கு அடுத்து நாடவேண்டிய இடம் வலயக் கல்வி அலுவலகமே.

வகுப்புகள் எவ்வளவு வரை உள்ளன என்பதைக் கொண்டும் பாடசாலைகள் வகைப்படுத்தப்படுகின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உட்பட எல்லாப் பிரிவுகளும் உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. தரம் 11 வரை உள்ளவை வகை 2, ஆரம்ப வகுப்புகள் உள்ளவை வகை 3. இந்தப் பிரிப்பைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம். வகை 2 பாடசாலையில் படிக்கும் பிள்ளை உயர்தரத்துக்கு வேறு பாடசாலை தேட வேண்டும். விஞ்ஞானம் படிக்க விரும்பும் கிராமத்துப் பிள்ளைக்கு அருகில் 1ஏபி பாடசாலை இல்லையெனில் பேருந்துச் செலவோ விடுதிச் செலவோ தவிர்க்க முடியாததாகிறது.

முதலாவது வாசல்: தரம் 5

ஜனவரி 31 ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை தரம் 1 இற் சேர்க்கப்படும். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். முன்னர் பதினான்காக இருந்த மேல் எல்லை 2016 இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. தரம் 1 முதல் 5 வரை ஆரம்பக் கல்வி, 6 முதல் 9 வரை கனிஷ்ட இடைநிலை, 10, 11 சிரேஷ்ட இடைநிலை, 12, 13 உயர்தரம்.

தரம் 5 இல் புலமைப்பரிசிற் பரீட்சை வருகிறது. வசதி குறைந்த திறமையான பிள்ளைகளை நல்ல பாடசாலைகளுக்கு அனுப்புவதும், குறித்த வருமான எல்லைக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு உதவுதொகை கொடுப்பதும் இதன் நோக்கங்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வேறுபடும்.

நடைமுறையில் இது பத்து வயதுப் பிள்ளையின் தலைமீது வைக்கப்படும் சுமையாகிவிட்டது. மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்: இப்பரீட்சையில் வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளை எதனையும் இழப்பதில்லை. தரம் 6 இற்கான இடம் அதற்கு எப்படியும் உண்டு. பின்னைய எந்தப் பரீட்சையிலும், பல்கலைக்கழக அனுமதியிலும் இந்தப் புள்ளி கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

இரண்டாவது வாசல்: சாதாரண தரம்

தரம் 11 இன் முடிவில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. ஒன்பது பாடங்களில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மற்ற மூன்றும் மூன்று பாடத்தொகுதிகளிலிருந்து தெரிவு செய்யப்படுபவை. உயர்தரத்துக்குச் செல்லப் பொதுவாகத் தாய்மொழியும் கணிதமும் அடங்கலாக ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் (சி) வேண்டும்.

போரால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் பல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் கணிதமே காரணம். கணிதம் படியாகக் கட்டப்படும் பாடம். ஆறாம், ஏழாம் தரங்களில் இரண்டு வருடம் விடுபட்ட பிள்ளைக்குப் பதினோராம் தரத்து மேலதிக வகுப்பு மட்டும் உதவாது. விடுபட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

சித்தியடையாதவர் முன்னால் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பாடசாலை மூலமாகவோ தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவோ மீண்டும் தோற்றுவது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றப் பாடசாலையிற் பதிவு தேவையில்லை. இரண்டாவது, 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம். தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் இத்திட்டத்தின் தொழிற்பிரிவில் சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் தரம் 12 இற் சேரலாம். மூன்றாவது தொழிற்பயிற்சி.

மூன்றாவது வாசல்: உயர்தரமும் இசட் புள்ளியும்

உயர்தரத்தில் உயிரியல், பௌதிக விஞ்ஞானம், வர்த்தகம், கலை, தொழில்நுட்பம் எனப் பிரிவுகள் உள்ளன. தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் சேர்க்கப்பட்டது. மாணவர் மூன்று பிரதான பாடங்களோடு பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரணப் பரீட்சையும் எழுதுவார். ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் பெற்றால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கும். மூன்று தடவைகள் வரை தோற்றலாம்.

ஆனால் தகுதி வேறு, இடம் வேறு. நாடு முழுவதும் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. அந்த இடத்தைத் தீர்மானிப்பது இசட் புள்ளி.

பெயர் அச்சமூட்டினாலும் கணக்கு எளிது. ஒரு பாடத்தில் எழுதியோரின் சராசரி 50, புள்ளிகளின் பரம்பலைக் காட்டும் நியம விலகல் 10 என வைப்போம். 65 பெற்றவர் சராசரியைவிட 15 கூடப் பெற்றுள்ளார். 15 ஐ 10 ஆல் வகுக்க அவரது இசட் புள்ளி 1.5. இன்னொரு கடினமான பாடத்தில் சராசரி 35, நியம விலகல் 12. அதில் 59 பெற்றவர் 24 கூடப் பெற்றுள்ளார். 24 ஐ 12 ஆல் வகுக்க 2.0. ஆகவே 65 ஐ விட 59 பெறுமதி கூடியது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே இறுதிப் புள்ளி.

மாவட்டம் ஏன் முக்கியம்?

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பங்கிடப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கூடுதலாக ஒதுக்கப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகியன அப்பட்டியலில் அடங்குகின்றன.

எம்மவருக்கு இது வெறும் கணக்கு அல்ல. 1970களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட மொழிவாரித் தரப்படுத்தலின்போது மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400 இற்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் வெட்டுப்புள்ளியாக இருந்தன. அந்தக் காயம் ஒரு தலைமுறை இளைஞரின் அரசியலை மாற்றியது. பின்னர் மொழிவாரி முறை கைவிடப்பட்டு மாவட்ட முறை வந்தது.

மாவட்ட முறையிலும் போரின் நிழல் உண்டு. இன்றைய யாழ். மாவட்ட எல்லைக்குள் 1981 இல் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். 2012 குடிசன மதிப்பீட்டில் அது ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரமாகக் குறைந்திருந்தது. பங்கு சனத்தொகையால் அளக்கப்படுவதால், ஊரைவிட்டுப் போனவர்களோடு பல்கலைக்கழக இடங்களும் போயின. அத்தோடு, நெடுந்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் ஆசிரியர் பற்றாக்குறையோடு படித்த பிள்ளையும் நகரின் பெரிய கல்லூரிப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கே போட்டியிடுகின்றனர். மாவட்டத்துக்குள் உள்ள ஏற்றத்தாழ்வை இம்முறை காண்பதில்லை.

மாணவரின் மாவட்டம் எது என்பது பொதுவாகப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் படித்த பாடசாலையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது, பிறந்த ஊரைக் கொண்டல்ல. வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்குப் பிள்ளையை மாற்ற நினைக்கும் பெற்றோர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் இந்த விதியைப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

பல்கலைக்கழகமும் அதற்கு அப்பாலும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 இல், திருநெல்வேலியில் சேர். பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கியது. 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. அதன் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. அதன் வவுனியா வளாகம் 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. இடம் கிடைத்தும் வசதியில்லாத மாணவர்கள் மகாபொல புலமைப்பரிசிலுக்கோ மாணவர் உதவுதொகைக்கோ விண்ணப்பிக்கலாம்.

இடம் கிடைக்காதவருக்கும் படிப்பு முடிந்துவிடுவதில்லை. கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களை உருவாக்குகிறது. உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ். பிராந்திய நிலையத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆனால் கட்டணம் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரியும் கிளிநொச்சியிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்களுக்கான பயிற்சிகளை வழங்குகின்றன. அத்தகைமையின் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. அதாவது வயரிங், மோட்டார் திருத்தம் என்று தொடங்கியவரும் படிப்படியாகப் பட்டம் வரை ஏற முடியும்.

ஆவணங்களை இழந்தவர்கள்

இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் மீண்டும் கோரலாம். தோற்றிய ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்திருந்தால் வேலை இலகு. பாடசாலை விடுகைப் பத்திரம் தொலைந்திருந்தால் படித்த பாடசாலையின் அதிபரைக் கேட்க வேண்டும். அப்பாடசாலை இடம்பெயர்ந்திருந்தாலோ மூடப்பட்டிருந்தாலோ உரிய வலயக் கல்வி அலுவலகத்திற் பதிவேடுகளை விசாரிக்கலாம். பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை எக்காரணத்தால் பாடசாலையை விட்டிருந்தாலும் மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டியது சட்டக் கடமை. அதற்குமேல் வயதானவர்கள் வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவை அணுகலாம்.

மூன்று வாசல்களிலும் வெளியே நிற்பவர்கள் உண்டு என்பது இவ்வமைப்பின் உண்மை. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பக்கவழி உண்டு என்பதும் உண்மையே. அந்தப் பக்கவழியை யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. தெரிந்தவர்கள் அயலில் உள்ள ஒரு பிள்ளைக்காவது இதனை எடுத்துச் சொன்னால், இடையில் நின்ற ஒரு படிப்பு மீண்டும் தொடங்கக்கூடும்.