மதுரையில் கடைந்த கண்

சட்டைப் பொத்தானில் பாதி அளவுதான் இருக்கும் அந்த வில்லை. செங்கத்திலும் போளூரிலும் புரை ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் "லென்ஸ் வெச்சிருக்காங்க" என்பார்களே, அதுதான்.

இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டு உடைந்து பிளாஸ்டிக் துணுக்குகள் விமானிகளின் கண்ணில் தெறித்தன. அவை கண்ணைப் புண்ணாக்காமல் உள்ளேயே கிடந்ததைக் கவனித்தார் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி. 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார்.

நம் ஏழைகளிடம் அது வந்துசேர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். களத்துமேட்டில் கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டு. திருவண்ணாமலைப் பௌர்ணமி கிரிவலத்தின் 14 கிலோமீட்டரையும் பிறர் தோளைப் பிடித்தே நடக்க வேண்டும்.

பணி ஓய்வுக்குப் பின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் ஆயிரமாயிரம் கண்களை அறுவை செய்தவர். வெளிநாட்டு வில்லை ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. நன்கொடையாக வந்தவை போதவில்லை. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் அதில் பணியாற்றிய டேவிட் கிரீனும் துணைநிற்க, 1992இல் மதுரையிலேயே வில்லை செய்யும் ஆரோலேப் பிறந்தது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பிளாஸ்டிக்கைக் கடைந்து, மெருகேற்றி, கிருமி நீக்கும் வேலையில் அமர்ந்தவர்களில் பலர் கிராமத்துப் பெண்கள். இந்தக் கதையில் என்னை நெகிழ வைப்பது இதுதான்: கை நீட்டிப் பெற்றதை நாமே செய்யக் கற்றோம். கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுபோகும் உதவியாக அது இல்லாமல் போனது.

2003இல் புதுச்சேரியில் அரவிந்த் வந்தபின் திருவண்ணாமலைப் பக்கத்து முதியவர்களுக்கும் வழி சுருங்கியது. முகாமில் புரை என்று தெரிந்தால் பேருந்தில் அழைத்துப்போய், அறுவை, சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள். பணம் கட்டும் நோயாளிகளின் கட்டணமே அந்தச் செலவில் பெரும்பகுதியைத் தாங்குகிறது.

ஆரோலேப் செய்யும் வில்லை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது, ஆப்பிரிக்க நாடுகளுக்கும். ஆனால் பெட்டி போய்ச் சேர்ந்தால் பார்வை வந்துவிடாது. அங்கே பல நாடுகளில் பத்து லட்சம் பேருக்கு மூன்று கண் மருத்துவர்கள்கூட இல்லை. அதனால் அந்நாட்டு மருத்துவர்களும் நிர்வாகிகளும் மதுரையில் உள்ள லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவ நிறுவனத்தோடு சேர்ந்து பயில்கிறார்கள். தையல் போடாமல் சின்னக் கீறல் வழியே வில்லை செருகும் முறை, ஒரு மேசையில் அறுவை முடிவதற்குள் அடுத்த மேசையில் அடுத்தவரைத் தயாராக்கும் ஒழுங்கு, வாசலில் காத்திருக்காமல் ஊருக்கே போய் முகாம் போட்டு ஆளை அழைத்துவருவது என எல்லாமே அந்தப் பாடத்தில் உண்டு.