பேரேட்டுப் பக்க எண்ணும் ஒரு பெண்டிரைவும்

போன ஜூன் மாதம், ஆகுர்டியில் விடாமல் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிராட்பேண்ட் காலையிலேயே படுத்துவிட்டது. தங்கை மகன் ஹிஞ்சவடியிலிருந்து தன் ஆப்பிள் மடிக்கணினியோடு வந்திருந்தான். அவன் அக்காவின் கல்யாண வீடியோவை என் விண்டோஸ் பொட்டிக்கு மாற்ற வேண்டும். மேஜை டிராயரைக் குடைந்து 16 ஜிபி பெண்டிரைவ் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஃபைல் ரொம்பப் பெரிசு என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டது.

"மாமா, இது ஃபேட் 32. நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா வாங்காது. ஃபார்மேட் பண்ணிடட்டுமா? உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா?"

"பழைய பாட்டுதான் இருக்கும். பண்ணுடா."

அந்த வார்த்தைக்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிவிடலாம்.

நான் வங்கியில் சேர்ந்த புதிதில் ஃப்ளாப்பிதான் ராஜா. 1.44 எம்பி. ஒரு கட்டு ஃப்ளாப்பியை ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தனுப்புவோம். அதில் ஒன்று போகுமிடத்தில் திறக்காது, திரும்ப வரும். 2000 டிசம்பரில் ஐபிஎம் விற்க ஆரம்பித்த முதல் பெண்டிரைவில் 8 எம்பிதான் பிடிக்கும். இன்றைக்குக் கைப்பேசிப் படம் ரெண்டு மூன்று வைத்தால் நிரம்பிவிடும்! ஆனால் ஐந்து ஃப்ளாப்பியை ஒரு சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போகலாம் என்பது அன்றைக்குப் பெரிய சமாச்சாரம். செய்தது இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ். அதே ஆண்டு சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனமும் 'தம்ப்டிரைவ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. யார் முதல் என்ற சண்டை கோர்ட் வரை போனது.

அதைச் செருகும் யுஎஸ்பி துளை 1996ல் வந்தது. இன்டெல்லில் அதற்காக உழைத்த குழுவின் முக்கியப் புள்ளி அஜய் பட், பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் நினைவகம் தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்தது. கேமரா ஃப்ளாஷ் மாதிரி ஒரே வெட்டில் எல்லாம் அழிந்துவிடுவதால் அந்தப் பெயர். எழுதுவதை வைத்து அல்ல, அழிப்பதை வைத்துப் பெயர் வாங்கிய பொருள். அன்றைக்கே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

இனி ஃபேட். பி.காம் படித்தவனுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். பெரிய பேரேடு ஒன்றில் கந்தசாமி கணக்கு 12ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. பக்கம் நிரம்பியதும் அடியில் '47ஆம் பக்கம் பார்க்க' என்று எழுதுவோம். 47 நிரம்பினால் 143. ஃபேட் என்பது இந்தத் 'தொடர்ச்சி எந்தப் பக்கம்' என்ற எண்களை மட்டும் பிரித்து, முன்னால் ஒரே பட்டியலாக எழுதி வைப்பது. அவ்வளவுதான். 1977ல் மைக்ரோசாஃப்டின் மார்க் மெக்டொனால்ட் ஃப்ளாப்பிக்காகச் செய்தது இது. பிறகு டாஸில் ஏறி உட்கார்ந்தது. டிஸ்க் பெரிதாகப் பெரிதாக அதன் எண்களின் அகலம் 12, 16, 32 பிட் என்று வளர்ந்தது. ஃபேட் 32 வந்தது 1996ல்.

நாலு ஜிபி தடை எங்கிருந்து வந்தது? ஃபைலின் அளவை எழுத 32 பிட் கட்டம்தான் ஒதுக்கினார்கள். அதில் எழுதக்கூடிய பெரிய எண் 4,29,49,67,295. பழைய சலானில் தொகை எழுத ஆறு கட்டம் மட்டும் இருந்தால் பத்து லட்சத்தை எப்படி எழுதுவீர்கள்? பெட்டியில் இடம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு கூத்து. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவை ஃபேட் 32ஆக ஃபார்மேட் செய்ய விண்டோஸ் பல வருஷம் மறுத்து வந்தது. அந்தத் திரையை எழுதிய டேவ் பிளம்மர், 1994ல் தற்காலிகமாகச் செய்துவைத்தது அது, 32 என்ற எண்ணும் அன்றைக்குத் தான் போட்டதுதான் என்று பின்னாளில் சொன்னார். முப்பது வருஷம் தாண்டி 2024ல்தான் மைக்ரோசாஃப்ட் அதைத் தளர்த்தச் சோதனைப் பதிப்பு விட்டது. தற்காலிக ஏற்பாடு என்று ஆபீஸில் யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான் :)

ஆப்பிளும் விண்டோஸும் ரெண்டுமே எழுதக்கூடியது, பெரிய ஃபைலையும் வாங்கக்கூடியது என்றால் 2006ல் வந்த எக்ஸ்ஃபேட். பையன் அதைத் தேர்ந்தெடுத்தான். அஞ்சு நொடியில் ஃபார்மேட் முடிந்தது. வீடியோ ஏற ஆரம்பித்தது.

அப்போது தங்கமணி அடுக்களையிலிருந்து, "அதுலதானே மாமாவோட கணக்கு நோட்டு இருந்தது?" என்றாள்.

ஙே.

அப்பா மன்னார்குடியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அவர் காலமான பிறகு பேரேடு கரையான் பட்டு ஏடு ஏடாகக் கழன்றுபோயிருந்தது. ரெண்டு லீவில் ஊருக்குப் போனபோது கைக்கு வந்த வரிசையில் ஸ்கேன் செய்தேன், 238 பக்கம். ஃபைல் பெயராகப் பக்க எண்ணைப் போட்டேன். மூலத்தைக் கரையான் முடித்துவிட்டது. வேறு பிரதி எடுக்கவில்லை. ஊரார் கணக்குக்கெல்லாம் நகல் கேட்கும் வங்கி அதிகாரி!

"நிறுத்துடா!" என்று நான் கத்திய கத்தலில் பையன் காப்பியை ரத்து செய்துவிட்டு டிரைவைப் பிடுங்கிவிட்டான்.

நல்ல வேளை, அவன் செய்தது 'குவிக் ஃபார்மேட்'. அது முன்னால் இருக்கும் பட்டியலை மட்டும் புதிதாக எழுதும், உள் பக்கங்களைத் தொடாது. அந்தக் கட்டத்தில் டிக் எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் என்றால் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதிவிடுகிறது.

கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதிய 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளைப் பையன் கைப்பேசி வழியாக இறக்கினான். அது பட்டியலைத் தேடவே தேடாது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஜேபெக் படம் எப்படித் தொடங்குமோ அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்து அள்ளிக்கொடுக்கும். அதனால் ஃபைல் பெயர்கள் கிடைக்காது. ராத்திரி பதினொன்றரைக்கு 227 படங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் பெயர் 'எஃப்' போட்டு ஒரு நீள எண். வீடியோ ஏறிய இடத்தில் இருந்த பாட்டுகளும், ஏட்டில் பதினொரு பக்கமும் போயே போய்விட்டன.

வரிசைப்படுத்த மூன்று ராத்திரி ஆயிற்று. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அப்பா ஊதா மையில் எண் போட்டிருந்தார். கரையான் மூலையைத் தின்ற இடத்தில் 'தொடர்ச்சி பக்கம்' என்று அடியில் அவர் எழுதியதைப் பிடித்துக்கொண்டு போனோம். பையன் படிக்க, நான் பெயர் மாற்றினேன். "தாத்தா கையாலயே ஃபேட் போட்டிருக்கார் மாமா" என்றான்.

பால்காரர் கணக்கு 143ஆம் பக்கத்துக்குப் போகிறது. அந்த 143 கிடைக்கவில்லை. 176ல் அதே கணக்கு மறுபடி வருகிறது, முன்பாக்கி 38 ரூபாய் 50 காசு என்று. நடுவில் அவர் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்பது தெரியவில்லை. 176ன் அடியில் அப்பா குறுக்காக ஒரு கோடு இழுத்து 'வரவு வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார்.