எல்லைக் காட்டின் பின்லாந்துக் குடிகள்

நோர்வேயில் இருக்கிற எங்களுக்குச் சுவீடன் எல்லை என்றவுடன் நினைவுக்கு வருவது மலிவு இறைச்சியும் கோழியும்தான். வாகனப் பெட்டியை நிரப்பிக்கொண்டு திரும்பி விடுவோம். அதே எல்லையில், கொங்ஸ்விங்கர் நகருக்கு வடகிழக்கே, 'பின்ஸ்கூகன்' என்றொரு பெருங்காடு இருக்கிறது. பின்லாந்துக்காரரின் காடு என்று பொருள். பின்லாந்துக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் சுவீடன் நாடே கிடக்கிறது. பிறகு ஏன் இந்தப் பெயர்?

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பின்லாந்து சுவீடன் அரசின் கீழ் இருந்தது. ருசியாவுடன் ஓயாத சண்டை, வரி, படையினருக்குச் சோறு போடும் கட்டாயம், பஞ்சம். 1596ல் குடியானவர்கள் தடிகளுடன் கிளர்ந்தார்கள். அடுத்த வருடமே அது நசுக்கப்பட்டது. சுவீடனின் வெறுங்காடுகளில் குடியேறுவோருக்குச் சில வருடங்கள் வரி இல்லை என்று கார்ல் கோமகன் சொன்னதும், சாவோ என்ற பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நோர்வேப் பக்கத்துக் காட்டிலும் அவர்களின் புகை எழுந்தது. அப்போது அங்கே திட்டமான எல்லைக்கோடு கிடையாது. 1751ஆம் ஆண்டு உடன்படிக்கைதான் அந்தக் கோட்டைப் போட்டு, ஒரே சனத்தை இரண்டு நாட்டுக் குடிகளாக்கியது. அதற்கு முன்னரே, 1686ல், நோர்வேயில் இவர்களைத் தனியாகக் கணக்கெடுத்துப் பெயர் பதிந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் அந்தப் பதிவில் உண்டு. பெயர் பதியிறது எண்டால் எங்கட ஆக்களுக்கு வருகிற பயம் அவர்களுக்கும் வந்திருக்கும்!

அவர்களின் சீவனம் நெருப்பில் இருந்தது. நாங்கள் நத்தாருக்கு வீட்டில் வைக்கிறோமே, அந்த ஊசியிலை மரக்காட்டை வெட்டிக் காயவிடுவார்கள். பிறகு கோடையில் கொளுத்தி, சூடு ஆறாத சாம்பலிலேயே றை தானியத்தை விதைப்பார்கள். நெருக்கமாக அல்ல, மிக ஐதாக. ஒரு விதையிலிருந்து பல தண்டுகள் புதர்போலக் கிளைக்கும். அடுத்த வருடம் அறுவடை. மண் சத்து விட்டதும் வேறு காடு. வன்னியில் சேனை வெட்டிக் குரக்கன் போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இரும்பாலைகளுக்குக் கரியும், மரவாடிகளுக்குப் பலகையும் வேண்டியிருந்தபோது காட்டுக்கு விலை வந்துவிட்டது. சுவீடனில் 1647ல் வந்த காட்டுச் சட்டம் எரிப்பைக் கட்டுப்படுத்தியது. வாருங்கள், எரியுங்கள் என்று அழைத்த அரசுதான்!

அவர்களின் வீட்டுக்குப் புகைபோக்கி இல்லை. பெரிய கல்லடுப்பின் புகை கூரைக்குக் கீழ் தேங்கி நின்று, மேலேயுள்ள துவாரத்தால் போகும். சுவீடன் பக்கத்தில் லேக்வத்னெற் அருகே ரித்தமாக்கி என்ற குடியிருப்பில் அப்படி ஒரு வீடு இன்றும் நிற்கிறது. 1960கள் வரை அதில் ஆட்கள் வாழ்ந்தார்கள். உள்ளே போனால் மேல்பாதிச் சுவர் கரிக்கறுப்பு. எனக்கு ஊரில் எங்கட பழைய குசினி மணத்தது. சாப்பாடும் அந்நியமில்லை. 'மொத்தி' என்பது வறுத்த ஓட்ஸ் மாவை அவித்து உதிர்த்தது. கையால் அள்ளிச் சாப்பிடுவது. பிட்டுத்தான், வேறென்ன! என்ன, அவர்கள் பன்றிக் கொழுப்புடன் சாப்பிட்டார்கள்.

மொழிக் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பள்ளிக்கூடமும் கோயிலும் வேற்று மொழியில் இருக்க, முன்னூறு வருடம் வீட்டுக்குள்ளேயே பின்னிஷ் பேசினார்கள். 1821ல் உப்சாலா மாணவரான கார்ல் அக்செல் கொட்லுண்ட் என்ற பின்லாந்துக்காரர் இந்தக் காடுகளில் திரிந்து, பார்த்ததையும் கேட்டதையும் நாட்குறிப்பில் எழுதினார். எல்லையின் இரு பக்கத்தாருக்கும் சேர்த்து ஒரு தனித் திருச்சபைப் பங்கு வேண்டும் என்று முயன்றார். அரசு இசையவில்லை. பிறகு பள்ளிக்கூடம் காட்டுக்குள் வந்தது. மரம் வெட்டும் கூலிவேலையும் கலப்புக் கலியாணமும் வந்தன. 1960களில் கடைசியாகப் பேசியவர்களும் இறந்து போனார்கள். நோர்வே இவர்களைத் தேசியச் சிறுபான்மையினராக ஏற்றது 1999ல். பேச ஆளில்லாத பிறகு கிடைத்த மரியாதை!

"அவையின்ர பிள்ளையள் ஏனப்பா பின்னிஷில கதைக்கேல்ல?" என்று மகன் கேட்டான். நோர்வேஜிய மொழியில் கேட்டிருந்தால் அவ்வளவு தைத்திராது. எங்களிடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியாவது இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

1940க்கும் 1945க்கும் இடையில் சுமார் 50,000 நோர்வேயர்கள் ஜேர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து சுவீடனுக்குத் தப்பினார்கள். அவர்களின் இரகசியப் பாதைகளில் சில இந்தக் காட்டினூடாகச் சென்றன. இந்நாட்டுக்காரரும் ஒருகாலம் அகதிகள்தான் என்பதை எங்கள் பிள்ளைகள் அறிய வேண்டும்.

போருக்குப் பின் இளையவர்கள் நகரங்களுக்குப் போக, குடியிருப்புகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. இப்போது கல்லடுப்பின் குவியலும், காட்டு நடுவே வெளித்த புல்தரையும், வரைபடத்தில் பின்னிஷ் பெயர்களும் மிஞ்சியுள்ளன. அவர்களின் றையும் அழிந்ததென்றே நினைத்தார்கள். 1970களில் நோர்வேப் பக்கத்தில், தானியம் உலர்த்தும் பழைய கொட்டிலொன்றில் சில மணிகள் அகப்பட்டன. விதைத்துப் பார்த்தார்கள். சில முளைத்தன! இன்று அது மீண்டும் பயிராகிறது.

பார்க்க விரும்புவோர் யூலையில் போகலாம். சுவுல்ரியா என்ற ஊரில் அப்போது அவர்களின் விழா நடக்கும். நடக்கக் கூடியவர்களுக்கு, மொறொகூலியனில் தொடங்கி எல்லையோரமாக 240 கிலோமீற்றர் நீளும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. நுளம்புக்கு மருந்து பூசிக்கொண்டு போங்கள்.