சிம்பாங் பூலாய் ஏற்றமும் பழைய மோட்டார் வண்டியும்

மோட்டார் வண்டிக்கும் மலாய் நாட்டுத் தமிழருக்கும் உள்ள தொடர்பு, நம்மவர் வண்டி வாங்கிய நாளில் தொடங்கியதன்று. அவ்வண்டியின் சக்கரத்துக்காகப் பால்மரம் சீவிய நாளிலேயே தொடங்கிவிட்டது. 1877இல் கோலக் கங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. 1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டியைப் பதிவு செய்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைப் பதிவு செய்தார். இம்மூன்றும் ஒன்று கூடியதன் விளைவாகவே பேராக் காடுகள் தோட்டங்களாயின. நம் முன்னோர் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினர். பிறர் வண்டிக்கு டயர் கொடுத்த கைக்கு ஸ்பானர் எப்படி வந்தது, வந்த பின் அக்கை எதைக் கற்றது என்பனவே நாம் ஈண்டு ஆராயப் புகும் விஷயங்கள்.

முதலில் வண்டி துரைக்கே உரியதாயிருந்தது. அதை ஓட்டும் வேலை நம்மவரில் சிலருக்குக் கிடைத்தது. அக்காலத்து டிரைவர் ஓட்டுபவர் மட்டும் அல்லர். உதிரிச் சாமான் கப்பலில் வரும் வரை காத்திராமல், உள்ளதைக் கழற்றித் துடைத்து மாட்டி வண்டியை நகர்த்த வேண்டியவரும் அவரே. தோட்டப் பள்ளியில் யந்திரப் பாடம் கிடையாது. செவியும் மூக்கும் விரலுமே அவருக்குப் புத்தகங்கள். தாய்நாட்டிலும் நிலைமை இதுதான். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு எந்தக் கல்லூரியிலும் பயின்று யந்திரத்தை அறிந்தவர் அல்லர். பிரித்துப் பார்த்து அறிந்தவர்.

1941 டிசம்பரில் ஈப்போ ஜப்பானியர் கைப்பட்டது. பெட்ரோலும் உதிரிச் சாமானும் அற்றுப்போன அந்த மூன்றரை ஆண்டுகளில் கரிவாயுவைக் கொண்டும், ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயைக் கொண்டும் வண்டிகளை ஓட்டினார்கள். டயராய் உருண்ட பால்மரச் சாறு எரிபொருளாயும் எரிந்தது. இல்லாமை கற்றுக்கொடுத்த பாடம் பட்டறைக்காரர்களின் கையில் வெகுநாள் தங்கியது.

சொந்த வண்டி என்பது தோட்டத்து லயத்துக்கு மிகப் பிந்தியே வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டு மனைகளாகியும் நம் மக்கள் பட்டணத்து ஓரங்களுக்கு நகர்ந்த காலத்தில், 1985 ஜூலையில், புரோட்டோன் சாகா வெளிவந்தது. ஷா ஆலாமில் கட்டப்பட்டதாயினும் அதன் யந்திரமும் உடலும் ஜப்பானிய மிட்சுபிஷியின் வழிவந்தவை. அந்த முதல் தலைமுறை 2008 வரை உற்பத்தியில் இருந்தது. மூன்றாம் கை, நான்காம் கை மாறி வந்த சாகாவே எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முதல் வாகனம். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெண் பார்க்கவும் அதுவே சென்றது. அது நின்றால் ஒரு நாட்கூலியும் நின்றது.

அவ்வண்டிகளுக்குப் பரீட்சை வைக்கும் இடம் ஒன்றுண்டு. மலாய் மொழியில் சிம்பாங் என்றால் சந்தி. ஈப்போவிலிருந்து கோப்பேங் செல்லும் பழைய பெருஞ்சாலையில் உள்ள சிம்பாங் பூலாய் சந்தியில் கிழக்கே திரும்பினால், பிற்காலத்தில் போடப்பட்ட மலைச்சாலை கேமரன் மலையை நோக்கி 4,000 அடிக்கு மேல் ஏறுகிறது. குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு பழைய வண்டி இவ்வேற்றத்தில் புகும்போது உஷ்ணமுள் சிவப்பை நோக்கி எழும். சிலர் புறப்படுமுன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவர். அச்சாறு ரேடியேட்டருக்குள் போவதில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

உஷ்ணம் எப்பொழுது ஏறுகிறது என்பதே முதற்கேள்வி. நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது தணியுமானால் குற்றம் மின்விசிறியின் பக்கம். விசிறிக்கு நேரே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுற்றினால் விசிறி நலம். பியூஸ், ரிலே, உஷ்ண சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று கெட்டது. மாறாக, நிற்கையில் நலமாயிருந்து ஏற்றத்தில் மட்டும் கொதிக்குமானால் தண்ணீர் குறைந்திருக்கிறது, அல்லது ரேடியேட்டரின் உள் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன.

இந்த அடைப்புக்கும் கிந்தா மண்ணுக்கும் உறவு உண்டு. சிம்பாங் பூலாயைச் சூழ்ந்து நிற்பவை சுண்ணாம்புக்கல் குன்றுகள். அவற்றினூடே வரும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்நீர் கொதிக்கும்போது சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதை நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அதுவே ரேடியேட்டரினுள்ளும் நிகழ்கிறது. வழியில் ஓடையைக் கண்டு போத்தலில் மொண்டு ஊற்றும் வழக்கம் ஆபத்துக்கு உதவும். அதையே வருஷக்கணக்காகச் செய்தால் வண்டிக்குள் சிறு குன்று வளரும். துருத்தடுக்கும் திரவத்தைக் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஊற்றுவதே முறை.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. அற்பப் பொருள் என்று பலர் அதை மதிப்பதில்லை. சாதாரணமாய்த் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடியின் வில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால் கொதிநிலை சுமார் 20 டிகிரி உயர்கிறது. வில் தளர்ந்தால் அந்த இருபது டிகிரியும் போயிற்று. சூடான வண்டியில் மூடியைத் திறப்பவர் முகத்தில் கொதிநீர் பாய்வதும் இதே காரணத்தால்தான். வண்டி ஆறும் வரை கை வைக்கலாகாது.

தெர்மோஸ்டாட்டை ஐயுற்றால் கழற்றி, அடுப்பில் ஒரு சட்டி தண்ணீரில் இட்டுச் சூடாக்கிப் பார்க்கலாம். 80 டிகிரியைத் தாண்டியபின் வாய் திறக்க வேண்டும். திறவாவிடில் மாற்ற வேண்டியதே. நம் பட்டறைகள் சிலவற்றில் இதைக் கழற்றி எறிந்துவிட்டு, சூட்டு நாட்டுக்கு இது தேவையில்லை என்பார்கள். நாம் இதை ஒப்புவதற்கில்லை. யந்திரம் உரிய சூட்டை அடையத் தாமதித்தால் பெட்ரோல் வீணாகும், தேய்மானமும் மிகும்.

இவற்றையெல்லாம் பாராமல் ஓட்டினால் வருவதே பெருஞ்செலவு. சாகாவின் யந்திர அடிப்பாகம் இரும்பு, தலைப்பாகமோ அலுமினியம். இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அளவு மீறிச் சூடேறினால் தலை வளைந்து, இடையிலுள்ள கேஸ்கெட் கிழியும். எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த தேநீர் போன்ற குழம்பு காண்பதும், ரேடியேட்டர் வாயில் இடைவிடாது குமிழி எழுவதும் அதன் அடையாளங்கள். அடையாளம் காணாமலே முதலில் ரேடியேட்டர், பின்னர் தண்ணீர்ப் பம்பு, அதன்பின் விசிறி என்று ஊகத்தால் ஒவ்வொன்றாய் மாற்றச் சொல்லும் பட்டறைக்காரர், ஏழையின் மாதச் சம்பளத்தை வைத்துச் சோதனை நடத்துகிறார். பழைய டிரைவர்கள் இதைச் செய்யவில்லை. மாற்றுவதற்கு அவர்களிடம் சாமான் இருந்ததில்லை.

ஏறுவதைப் பற்றியே பேசினோம். உயிர் போவது பெரும்பாலும் இறக்கத்தில். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய எண்ணெய் நீண்ட இறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவி அழுத்தத்தைத் தாங்காது; மிதிபலகை தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டாண்டுக்கொருமுறை அதை மாற்றுவதோடு, இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டு யந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட வேண்டும். சிம்பாங் பூலாய் அடிவாரத்தில் கல்லுடைக்கும் மலைகளின் லாரிகள் கண்ணில் படும் வரை அந்தக் கியரை மாற்ற வேண்டியதில்லை.