உப்புக் காற்றும் உருக்குச் சக்கரமும்

பழைய மோட்டார் காருக்கு மெருகேற்றுகிறவர்கள் மேற்கூட்டுக்குக் காட்டும் சிரத்தையில் கால் பங்குகூடச் சக்கரத்துக்குக் காட்டுவதில்லை. வேறு ஊரில் இதை மன்னிக்கலாம், காரைக்காலில் கூடாது.

1739-ல் பிரெஞ்சுக்காரர் வசமான ஊர் இது. 1815-ம் வருஷத்து உடன்படிக்கைப்படி அவர்கள் தங்கள் இந்தியப் பகுதிகளின் உப்பு, அபின் வியாபார உரிமைகளை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்து, ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் பெற ஒப்புக்கொண்டார்கள். கடற்காற்று கொண்டுவரும் உப்பு எந்த உடன்படிக்கைக்கும் கட்டுப்பட்டதல்ல. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். அதனடியில் இரும்பு லேசில் உலராது.

ஆரம்ப காலக் கார்களில் பல மரச் சக்கரத்தில் ஓடின. வெயிலில் ஆரக்கால்கள் சுருங்கித் தளர்ந்தன. முதல் உலகப் போருக்கு முன்பே வந்த உருக்குத் தகட்டுச் சக்கரம் அந்தக் கவலையைத் தீர்த்து, துருவின் கவலையைக் கொடுத்தது. பிரான்ஸில் 1934-ல் சித்ரோவன் கம்பெனி முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரை வெளியிட்ட கையோடு கடனில் மூழ்க, டயர் செய்யும் மிஷலின் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. சக்கரம் காரையே விழுங்கிய கதை! அந்தக் காரின் டயர் 400 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. நம் அம்பாஸடரின் 15 அங்குலச் சக்கரம் அதற்கு உதவாது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் விலகிய இவ்வூரில் அப்படி ஒரு காரை வைத்துக் காப்பாற்ற நினைப்பவர், இருக்கும் சக்கரத்தைத்தான் பிழைக்க வைக்க வேண்டும்.

அதற்கு முதலில் டயரைக் கழற்ற வேண்டும். வெளிப்புறத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) வெள்ளிப் பூச்சு அடிப்பது நோயாளிக்குப் பவுடர் போடுகிற வைத்தியம். ட்யூப் படுகிற உட்பக்கத்திலும், நடுத்தகடு ரிம்மோடு சேருகிற இடுக்கிலுமே துரு குடியிருக்கிறது. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, உலர்த்தி, உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். குழிகள் ஆழமாக இருந்தால் மக்குப் பூசி மறைக்கிற சாமர்த்தியம் வேண்டாம். அந்தச் சக்கரம் வீட்டுத் திண்ணைக்குத்தான் லாயக்கு. சுரண்டியதை ஓர் இரவு வெறுமனே விட்டால் மறுநாள் சிவந்திருக்கும். ஆகவே அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பூச வேண்டும். நட்டு உட்காரும் குழிவில் மட்டும் வர்ணம் தடிக்கக் கூடாது. தடித்தால் ஓட்டத்தில் அது நசுங்கும், நட்டு தளரும். சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடி ஒரு முறை முடுக்கிப் பார்த்துவிடுங்கள்.